குட்டி ரெயில் செய்த கணக்குப்பிள்ளை

வாழப்பாடியில் ஒரு பாக்குத் தோப்பு. கீழே விழுந்து கிடந்த பாக்கு மட்டையின் மேல் தம்பி உட்கார்ந்திருக்கிறான். மட்டையின் மறுமுனையைப் பிடித்து அண்ணன் இழுக்கிறான். கூ என்று வாயால் ஊதுகிறான். குப் குப் என்று ஓசை எழுப்புகிறான். மட்டை ரெயில் ஆகிவிட்டது. வாய்க்கால் ஓரம் தண்டவாளம் ஆகிவிட்டது!

மழை பெய்தால் ஆட்டம் வீட்டுக்குள் வந்துவிடும். காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்தால் பெட்டி வரிசை தயார். முன்னால் ஒரு மருந்துப் புட்டி வைத்தால் என்ஜின் தயார்.

பிள்ளைகளுக்கு இந்த ஆசை ஏன் வந்தது? ஊரில் ரெயில் ஓடுகிறது. சேலத்தில் இருந்து விருத்தாசலம் செல்லும் பாதை வாழப்பாடி வழியாகத்தான் போகிறது. முன்பு அது மீட்டர் கேஜ் பாதை. முதலில் கரி என்ஜின் ஓடியது. பிறகு டீசல் என்ஜின் வந்தது. 2007-ம் ஆண்டு வாக்கில் அது அகலப்பாதை ஆயிற்று. பின்னர் பாதைக்கு மேலே மின்சாரக் கம்பியும் வந்துவிட்டது. குச்சிக்கிழங்குக் காடுகளின் நடுவே புகை விட்டுக்கொண்டு போன அந்தப் பழைய மீட்டர் கேஜ் டீசல் என்ஜினை இனி அங்கே பார்க்க முடியாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அதே என்ஜினை ஒரு சாண் நீளத்தில் செய்து, மேஜையின் மேல் ஓட்டலாம். கைப்பிடிக் கம்பி, ஊதுகுழல், எண் பலகை, புகைக்கரி எல்லாம் அசலைப் போலவே இருக்கும்படி செய்யலாம். உலகத்தின் பல நாடுகளில் பெரியவர்களும் சிறுவர்களும் இந்த வேலையில் மணிக்கணக்காக மூழ்கி இருக்கிறார்கள்.

இந்த ஆசையை ஆயிரம் ஆயிரம் வீடுகளுக்குள் கொண்டு போனவர் ஒருவர். அவர் என்ஜினீயர் அல்ல. பெரிய படிப்பும் படிக்கவில்லை. இறைச்சிக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்.

அவர் பெயர் பிராங்க் ஹார்ன்பி. அவருடைய கதை இது.

துறைமுகப் பட்டினத்தில்

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் லிவர்பூல் என்ற பெரிய துறைமுகப் பட்டினம் இருக்கிறது. ரெயில் சரித்திரத்தில் அந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. 1830-ம் ஆண்டில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி ரெயில் ஓடத் தொடங்கியது. இரண்டு பெரிய நகரங்களை இணைத்த முதல் ரெயில்களில் அது ஒன்று.

அந்த ஊரில் 1863-ம் ஆண்டு மே மாதம் 15-ந்தேதி ஹார்ன்பி பிறந்தார். அப்போது நம் தமிழ்நாட்டிலும் ரெயில் வந்து 7 ஆண்டுகள் ஆகியிருந்தன. சென்னை ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரெயில் 1856-ல் ஓடியது.

ஹார்ன்பியின் தந்தை உணவுப் பொருள் வியாபாரி. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. 16 வயதில் படிப்பை விட்டுவிட்டான். தந்தையின் கடையில் பணம் வாங்கிப் போடும் வேலைக்கு உட்கார்ந்தான்.

ஆனால் சிறுவன் சும்மா இருக்கவில்லை. சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்று அவன் கையில் கிடைத்தது. ஏழைகளாகப் பிறந்து, தங்கள் முயற்சியால் உயர்ந்தவர்களின் வாழ்க்கைக் கதைகள் அதில் இருந்தன. அதைப் படித்ததும் தானும் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறி பிறந்தது.

எரிபொருள் இல்லாமல் என்றென்றும் ஓடும் யந்திரம் ஒன்றைச் செய்யப் பார்த்தான். அப்படி ஒரு யந்திரத்தை யாராலும் செய்ய முடியாது. இயற்கையின் சட்டமே அதற்கு இடம் கொடுக்காது. அது சிறுவனுக்குத் தெரியாது. முயன்று முயன்று தோற்றான். ஆனாலும் அந்தத் தோல்வி வீண் போகவில்லை. தகடு வெட்டவும், அரம் போடவும், துளை போடவும் கை பழகிவிட்டது.

பிள்ளைகளுக்காக ஒரு பட்டறை

1887-ம் ஆண்டில் ஹார்ன்பிக்குத் திருமணம் நடந்தது. மனைவி கிளாரா பள்ளி ஆசிரியை. இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண்ணும் பிறந்தனர். மூத்தவன் ரோலண்டு. அடுத்தவன் டக்ளஸ். பெண் பெயர் பட்ரீசியா.

1899-ம் ஆண்டில் தந்தை இறந்தார். குடும்ப வியாபாரம் மூடப்பட்டது. ஹார்ன்பிக்கு அப்போது வயது 36. மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். என்ன செய்வார்? எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார்.

பகல் எல்லாம் பேரேடு. மாலையில் வீடு திரும்பியதும் நேரே தம் சிறிய பட்டறைக்குப் போய்விடுவார். அங்கே பையன்கள் இருவரும் காத்திருப்பார்கள். தகட்டை வெட்டி அவர்களுக்குப் பாலம் செய்து கொடுப்பார். வண்டி செய்து கொடுப்பார். பளு தூக்கும் கிரேன் செய்து கொடுப்பார்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. பாலத்துக்கு வெட்டிய துண்டு பாலத்துக்குத்தான் உதவும். கிரேனுக்கு வேறு துண்டு வெட்ட வேண்டும். சின்னத் துண்டு ஒன்று ஒடிந்தால் எல்லாம் நின்றுவிடும். பையன்களுக்கோ தினம் ஒரு புது பொம்மை வேண்டும். தகப்பனின் கை ஓய்ந்துவிட்டது.

ஓடும் ரெயிலில் உதித்த யோசனை

ஒரு கிறிஸ்துமஸ் சமயம். ஹார்ன்பி ரெயிலில் போய்க்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தபோது சரக்கு நிலையத்தில் சிறிய கிரேன் ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் மனதில் ஒரு பொறி தட்டியது என்று சொல்வார்கள்.

அந்த யோசனை இதுதான். எல்லாத் தகட்டுப் பட்டைகளையும் ஒரே அகலத்தில் வெட்ட வேண்டும். அவற்றில் ஒரே அளவுத் துளைகளைச் சம இடைவெளியில் போட வேண்டும். துளைக்குத் துளை அரை அங்குலம். எந்தப் பட்டையின் துளையும் மற்ற எந்தப் பட்டையின் துளையோடும் பொருந்தும். போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. அதே துளையில் ஒரு கம்பியைச் செருகினால் அது அச்சு ஆகிவிடும். சக்கரம் சுழலும்.

இன்று கிரேன். நாளை அதையே கழற்றினால் பாலம். மறுநாள் அதையே மாற்றினால் ரெயில் வண்டி. ஒரு பெட்டித் தகட்டில் ஓராயிரம் பொம்மைகள்!

இப்போது கேட்டால் இது எளிதாகத் தோன்றும். எல்லா நல்ல யோசனையும் அப்படித்தான். யாராவது ஒருவர் சொன்ன பிறகு எளிதாகத் தோன்றும்.

கடன் வாங்கிய ஐந்து பவுன்

யோசனை இருந்தால் போதுமா? அதைப் பதிவு செய்து காப்புரிமை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஒருவன் அடித்துக்கொண்டு போய்விடுவான். பதிவு செய்யப் பணம் இல்லை.

ஹார்ன்பி தம் முதலாளி எலியட்டிடம் போனார். ஐந்து பவுன் கடன் கேட்டார். அன்றைய விகிதத்தில் நம் பணம் 75 ரூபாய். முதலாளி கொடுத்தார். 1901-ம் ஆண்டு ஜனவரி மாதம் மனுப் போட்டார். அந்த ஆண்டிலேயே காப்புரிமை கிடைத்தது.

அடுத்து, இதைச் செய்து விற்க ஒரு கம்பெனி வேண்டும். கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. பழுப்பு நிறத்தில் கிடந்த சில தகட்டுத் துண்டுகளைக் காட்டி, இது பொம்மை என்றால் யார் நம்புவார்கள்?

ஹார்ன்பி துவளவில்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஹீலி ஷா என்ற என்ஜினீயரிங் பேராசிரியர் இருந்தார். அவரிடம் கொண்டு போய்க் காட்டினார். பேராசிரியர் புரிந்துகொண்டார். சிறுவர்களுக்கு யந்திரத் தத்துவத்தைக் கற்பிக்க இது நல்ல கருவி என்று ஆதரவு கொடுத்தார். அதைக் காட்டியதும் சில கதவுகள் திறந்தன. பாகங்களைச் செய்து தரப் பட்டறைகள் ஒப்புக்கொண்டன.

எலியட் மேலும் ஒரு உதவி செய்தார். தம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். கூட்டாளியாகவும் சேர்ந்தார். 1902-ம் ஆண்டில் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு பெட்டியில் 16 வகைப் பாகங்கள். கூடவே 12 பொம்மைகள் செய்யும் முறையை விளக்கும் தாள்.

1903-ம் ஆண்டில் 1,500 பெட்டிகள் விற்றன. ஆனால் லாபம் இல்லை. 1904-லும் இல்லை. 1905-லும் இல்லை. 1906-ல்தான் முதன் முதலாகச் சொற்ப லாபம் கண்ணில் பட்டது. மனு போட்ட நாளில் இருந்து ஐந்து ஆண்டுகள்! அத்தனை நாளும் பகலில் கணக்கு வேலை, இரவில் பொம்மை வேலை.

நாற்பத்து நாலாம் வயதில்

1907-ம் ஆண்டு வந்தது. இப்போது தொல்லை வேறு விதமாக வந்தது. கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பாகம் செய்து கொடுத்த பட்டறைகளால் ஈடு கொடுக்க முடியவில்லை. சொந்தத் தொழிற்சாலை வேண்டும். அதற்கு ஹார்ன்பி தம் வேலையை விட வேண்டும்.

வயது 44. மாதம் தவறாமல் சம்பளம் வரும் வேலை. வீட்டில் மனைவி மக்கள். பொம்மை வியாபாரத்திலோ ஒரே ஓர் ஆண்டுதான் லாபம் வந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் துணிவோம்?

ஹார்ன்பி துணிந்தார். வேலையை விட்டார். கடன் வாங்கினார். லிவர்பூலில் டியூக் தெரு என்ற இடத்தில் ஒரு கட்டிடம் பிடித்தார். சொந்தமாகப் பாகங்கள் செய்ய ஆரம்பித்தார். பொம்மைக்கு அதுவரை நீண்ட பெயர் ஒன்று இருந்தது. யந்திரக் கலையை எளிதாக்குவது என்று அதற்குப் பொருள். அந்தப் பெயர் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. மெக்கானோ என்று சுருக்கமாகப் புதுப்பெயர் வைத்தார்.

1908-ம் ஆண்டில் மெக்கானோ கம்பெனி பதிவாயிற்று. இந்தக் கட்டத்தில் எலியட் ஒதுங்கிக்கொண்டார். ஐந்து பவுன் கொடுத்துக் கைதூக்கிவிட்ட அந்த முதலாளி, புதிய கம்பெனியில் சேரவில்லை. ஹார்ன்பி தனி முதலாளி ஆனார். லாபமும் அவருக்கே, நஷ்டமும் அவருக்கே.

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. 1914-ம் ஆண்டில் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. மெக்கானோ பல நாடுகளுக்குப் போயிற்று. 1916-ல் சிறுவர்களுக்காக மெக்கானோ பத்திரிகை ஒன்றையும் ஹார்ன்பி தொடங்கினார். நிஜமான பாலம், நிஜமான கப்பல், நிஜமான ரெயில் என்ஜின் ஆகியவை எப்படி வேலை செய்கின்றன என்று அதில் கட்டுரைகள் வந்தன.

இந்தப் பொம்மையின் பெருமைக்கு ஒரு சம்பவம் போதும். 1934-ம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்ரீ என்ற பேராசிரியரும் போர்ட்டர் என்ற மாணவரும், கடினமான கணக்குகளைப் போடும் யந்திரம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். அதை எதனால் செய்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் மெக்கானோ பாகங்களால்! அது விஞ்ஞானக் கணக்கையே போட்டுக் காட்டியது.

ரெயில் வந்தது

முதல் உலகப் போருக்கு முன்பு, இங்கிலாந்துப் பிள்ளைகள் வைத்து விளையாடிய பொம்மை ரெயில்களில் பெரும் பகுதி ஜெர்மனியில் இருந்து வந்தவை. போர் வந்ததும் வரத்து நின்றது. போர் முடிந்த பிறகும் ஜெர்மன் சாமானை வாங்க மக்களுக்கு மனம் வரவில்லை. கடைகள் காலியாகக் கிடந்தன.

ஹார்ன்பி இதைக் கவனித்தார். 1920-ம் ஆண்டில் ஹார்ன்பி ரெயில் வெளியே வந்தது. சாவி கொடுத்தால் ஓடும் என்ஜின். தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர்.

முதல் ரெயில்களும் மெக்கானோ மாதிரியே போல்ட்டும் நட்டும் போட்டவை. கழற்றலாம், மாட்டலாம். உறுதிக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது.

எல்லா என்ஜினும் ஒரே உருவம்! ஒன்றுக்குச் சிவப்பு அடித்து ஒரு ரெயில் கம்பெனியின் எழுத்தை எழுதினார்கள். ஒன்றுக்குக் கறுப்பு அடித்து வேறொரு கம்பெனியின் எழுத்தை எழுதினார்கள். ஒன்றுக்குப் பச்சை. நிறம் மாறியதே தவிர முகம் மாறவில்லை. நம் ஊர் நாடகத்தில் ஒரே ஆள் வேஷ்டியை மாற்றிக்கொண்டு ராஜாவாகவும் மந்திரியாகவும் வருவது போல!

சின்னப் பிள்ளைகள் இதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வளர்ந்த பையன்கள் விடுவார்களா? அவர்கள் நிலையத்தில் நின்று நிஜ என்ஜினைப் பார்த்தவர்கள். மெக்கானோ பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்தவர்கள். புகைபோக்கி இவ்வளவு உயரம், சக்கரம் இத்தனை என்று எண்ணி வைத்திருப்பவர்கள். நிஜ என்ஜினைப் பற்றி அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே ஹார்ன்பியின் பத்திரிகைதான்! குருவின் பாடத்தைக் கொண்டே சீடன் குருவை மடக்குவான் அல்லவா? அது இங்கே நடந்தது.

அசலுக்கு அருகே

கம்பெனி ஒவ்வொரு படியாக ஏறியது. 1925-ல் மின்சார ரெயில் வந்தது. வீட்டு மின்சாரத்தையே நேராகப் பயன்படுத்தும் ஒரு வகையும் அப்போது விற்றது. பிள்ளைகள் தொடும் பொம்மையில் அது ஆபத்து. பின்னர் அதை விட்டுவிட்டுக் குறைந்த வோல்ட்டில் ஓடும் என்ஜின்களுக்கு மாறினார்கள்.

1928-ல் ஹார்ன்பி ரெயில்வே கம்பெனி என்ற பெயரில் சிறுவர் சங்கம் ஒன்று உண்டாயிற்று. சேர்ந்த பையனுக்குச் சின்னம் கொடுத்தார்கள். ரெயிலை வட்டமாக ஓட்டினால் மட்டும் போதாது, கால அட்டவணை வேண்டும், கைகாட்டி வேண்டும், நிலையத்தில் சரியாக நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். விளையாட்டு ஒரு தொழில் போல ஆயிற்று.

1929-ல் முக்கியமான மாறுதல் வந்தது. அப்போது இங்கிலாந்தில் நான்கு பெரிய ரெயில் கம்பெனிகள் இருந்தன. அந்த நான்குக்கும் நான்கு தனித்தனி உருவத்தில் என்ஜின்கள் செய்தார்கள். ஒவ்வொன்றும் நிஜமாக ஓடிய ஒரு என்ஜினைப் பார்த்துச் செய்தது. வேஷம் போய் முகம் வந்துவிட்டது.

என்ஜின் அசலாக இருந்தால் போதுமா? நிலையத்தில் ஆள் வேண்டாமா? கொடி பிடிக்கும் கார்டு, பெட்டி தூக்கும் போர்ட்டர், காத்திருக்கும் பயணி, வயலில் மேயும் மாடு, சாலையில் போகும் கார் எல்லாம் சின்னச் சின்ன உருவங்களாக வந்தன. அந்த உலோகக் கார்கள் தனியாகவே பிரபலம் அடைந்து, 1934-ம் ஆண்டில் டிங்கி டாய்ஸ் என்ற பெயர் பெற்றன. ரெயிலுக்கு அலங்காரமாக வந்தவை, தாமே ஒரு பெரிய தொழில் ஆகிவிட்டன.

கணக்குப்பிள்ளை பெரிய தனவந்தர் ஆனார். 1931-ம் ஆண்டில் லிவர்பூல் எவர்ட்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் வென்று பாராளுமன்றத்துக்குப் போனார். 1935 வரை உறுப்பினராக இருந்தார்.

1936-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந்தேதி ஹார்ன்பி காலமானார். அவருக்கு வயது 73. லிவர்பூலுக்கு அருகே மாகல் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மகன் எடுத்த மணிமுடி

யாருக்காக அந்தத் தகப்பன் முதல் தகட்டை வெட்டினாரோ, அந்த மூத்த மகன் ரோலண்டு கம்பெனித் தலைவர் ஆனார். 1938-ம் ஆண்டில் ஹார்ன்பி டப்ளோ ரெயில் வந்தது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். பழைய ரெயிலில் ஏறத்தாழ பாதி. உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த உடம்பு. தகட்டை மடக்கிச் செய்த காலத்தில் காட்ட முடியாத ஆணிக் கொண்டையும் கைப்பிடியும் இப்போது தெரிந்தன. அளவு சிறிதானது, அசல் பெரிதானது!

இரண்டாம் உலகப் போர் வந்தது. தொழிற்சாலை பொம்மையை விட்டுவிட்டுப் போர்ச் சாமான் செய்தது. போர் முடிந்ததும் மறுபடி ரெயில் ஓடியது.

1955-ம் ஆண்டில் இங்கிலாந்து அரசு ரெயில்வே, கரி என்ஜின்களை விட்டு டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறத் திட்டம் போட்டது. பொம்மை ரெயிலும் பின்தங்கவில்லை. 1958-ல் ஹார்ன்பி டப்ளோவின் முதல் டீசல் என்ஜின் வெளியே வந்தது.

ஆனால் அதற்குள் போட்டி முற்றிவிட்டது. பிளாஸ்டிக்கில் மலிவாகச் செய்த ரெயில்கள் கடைகளில் குவிந்தன. 1964-ல் மெக்கானோ கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸ் என்ற போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. 1979-ல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை மூடப்பட்டது. 65 ஆண்டு காலம் ஓடிய யந்திரங்கள் நின்றன. கட்டிடம் போனது. பெயர் மட்டும் போகவில்லை. இன்றும் குட்டி ரெயில் பெட்டிகளின் மேல் ஹார்ன்பி என்ற பெயர் இருக்கிறது.

டீசல் என்ஜினுக்கு உயிர்

வாழப்பாடிக்குத் திரும்பி வருவோம். ஹார்ன்பி கம்பெனி 1929-ல் கற்ற பாடத்தை, இன்று ஒரு குட்டி டீசல் என்ஜினை வைத்து நாமே செய்து பார்க்கலாம்.

முதலில் அளவு. அசலை 87 பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கு அளவில் செய்வது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் நாட்டு மீட்டர் கேஜ் டீசல் என்ஜின்களில் பேர் பெற்றது ஒய்.டி.எம். 4. அது 1961-ல் அமெரிக்காவில் இருந்து வந்தது. பிறகு 1968 முதல் வாரணாசியில் செய்தார்கள். நீளம் சுமார் 15 மீட்டர். 87-ல் ஒரு பங்கு என்றால் 17 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் 12 மில்லிமீட்டர் ஆகிவிடும். வாட்டசாட்டமான டிரைவர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பார்!

கடையில் வாங்கிய குட்டி என்ஜின் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது? மூன்று காரணம். ஒன்று, கைப்பிடிக் கம்பி உடம்போடு ஒட்டித் தடியாக இருக்கும். இரண்டு, ஜன்னலுக்குள் ஆள் இருக்காது. மூன்று, புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கும்.

தடித்த கைப்பிடியைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவி எடுக்க வேண்டும். அந்த இடத்தில் நுண்ணிய துளை போட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்துச் செருக வேண்டும். அசலில் கைப்பிடி ஓர் அங்குலத் தடிமன் என்றால், இங்கே கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். சாதாரணக் குண்டூசி கூட அதைவிடத் தடிமன்! ஊதுகுழலையும் விளக்குக் கண்ணாடியையும் அப்படியே தனியாகச் செய்து ஒட்டலாம். எண்ணை எழுதும்போது நிஜமாக ஓடிய ஒரு என்ஜினின் எண்ணையே எழுத வேண்டும்.

அடுத்து அழுக்கு. ஆம், அழுக்குத்தான் அழகு! புகை வெளிவரும் இடத்தைச் சுற்றிக் கரும் பொடியை மெல்லத் தடவ வேண்டும். சக்கரத்துக்குப் பக்கத்தில் துருவின் பழுப்பு. அடிப்பகுதியில் நம் ஊர்ச் செம்மண் தூசி. பக்கவாட்டில் நீர்த்த கறுப்புச் சாயத்தைத் தடவி, உலருமுன் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் மழைநீர் வழிந்த தாரைகள் தெரியும். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் பூச வேண்டும். அழுக்கை அள்ளிப் பூசினால் பழைய இரும்புக் கடைச் சரக்கு ஆகிவிடும். அசலின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் எங்கே கறை இருக்கிறதோ அங்கே மட்டும் வைக்க வேண்டும்.

மோட்டார் வைத்த என்ஜின் வாங்க எல்லோராலும் முடியாது. விலை அதிகம். அதனால் என்ன? அட்டையில் வெட்டிச் செய்தாலும் அளவு அளவுதான், அழகு அழகுதான். ஹார்ன்பியும் கையால் வெட்டிய தகட்டில்தான் தொடங்கினார். சிறுவர்கள் கத்தியைத் தொடும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களே!

ஹார்ன்பியின் கதையில் பணம் வந்தது, பதவி வந்தது. ஆனால் தொடக்கம் எது? நாள் முழுதும் கணக்கு எழுதிக் களைத்த ஒரு தகப்பன், மாலையில் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்த மாலை நேரங்களில் பிறந்ததே மெக்கானோ. அதன் பிள்ளையே குட்டி ரெயில்.

உங்கள் பையனும் பெண்ணும் தீப்பெட்டியைக் கோத்துக்கொண்டிருந்தால் குப்பை என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். ரெயிலுக்கு எத்தனை சக்கரம் என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், வாழப்பாடி ரெயில் நிலையத்துக்கு அழைத்துப் போய், நடைமேடையில் நின்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் பிள்ளைகளே தீப்பெட்டிக்குச் சரியான சக்கரம் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள்!